டிராவல் ட்ரெய்லர்: பேரத்துக்கு முன் ஒரு கணக்கு

அமெரிக்காவில் டிராவல் ட்ரெய்லர், அதாவது பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு, வாங்க நினைக்கும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?" எங்கள் ட்ரெய்லரை வாங்குவதற்கு முன் சில மாதம் இதைத் தோண்டிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள் இவை.

பட்டியல் விலையை மறந்துவிடுங்கள்

புதுக் காரின் கண்ணாடியில் விலைத்தாள் ஒட்ட வேண்டும் என்று 1958-ல் சட்டம் வந்தது. அது கார்களுக்கான சட்டம், ட்ரெய்லருக்குப் பொருந்தாது. ட்ரெய்லரில் எம்.எஸ்.ஆர்.பி. என்று போட்டிருப்பது பெரும்பாலும் தள்ளுபடி காட்டுவதற்காகவே வைத்த எண். அதிலிருந்து 20, 25 சதவீதம் குறைவது சாதாரணம். "12,000 டாலர் மிச்சம்!" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அதே மாடல், அதே அறை அமைப்பு நாடு முழுக்கப் பல டீலர்களிடம் கிடைக்கும். நான்கைந்து மாநில விலைகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். ஆகக் குறைந்த விலையோடு, அங்கே போய் இழுத்து வரும் டீசல், ஓட்டல் செலவைக் கூட்டுங்கள். உள்ளூர் டீலருக்கு நீங்கள் தரக்கூடிய உச்சவரம்பு அதுதான்.

டீலர் எப்போது இறங்குவார்?

யார்டில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் டீலரின் சொந்தக் காசில் வாங்கியவை அல்ல. 'ஃப்ளோர் பிளான்' என்ற கடனில் வந்தவை. விற்கும்வரை வட்டி ஓடும். ஆகவே, புது மாடல் வந்த பிறகும் நிற்கும் போன வருஷத்து வண்டி அவருக்குச் சுமை. வின் எண்ணில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள்: பி என்றால் 2023, ஆர் 2024, எஸ் 2025. "இது எப்ப வந்தது சார்?" என்று சாதாரணமாகக் கேட்டு வையுங்கள்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

விற்பனையாளர் இதைக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 30,000 டாலர் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 7 வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 483, மொத்தம் 40,500. 15 வருஷம் என்றால் மாதம் 304தான். ஆனால் மொத்தம் 54,800. மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி 26,700 இருக்கும். அதற்குள் ட்ரெய்லரின் மறுவிற்பனை விலை அதைவிடக் கீழே போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கணும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வண்டியையும் விற்று, கைக்காசும் போட்டுக் கடனை மூட வேண்டிவரும்.

முதலில் கிரெடிட் யூனியனில் கடன் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். பேச்சு முழுக்க மொத்த விலையில் மட்டுமே நடக்கட்டும்.

மொத்த விலை என்றால் மொத்தமும்

வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகிறவை, தவிர்க்க முடியாது. சரக்குக் கூலி, தயார்செய்யும் கட்டணம், ஆவணக் கட்டணம், நீட்டித்த வாரண்டி இதெல்லாம் டீலர் சேர்ப்பவை. வாயால் 2,000 குறைத்துவிட்டு இவற்றில் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கமான ஆட்டம். எல்லாம் அடங்கிய 'அவுட் த டோர்' விலையை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த டீலர்.

பழையது வாங்கினால்

டயரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள்; 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் புது டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள். தரையை மூலைமூலையாக மிதித்துப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினாலோ, வெளிச்சுவர் உப்பியிருந்தாலோ உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதற்குப் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். மற்றபடி சில நூறு டாலர் கொடுத்துச் சுயேச்சையான பரிசோதகரைக் கூட்டிப் போவது லாபம்.

கடைசியாக, உங்கள் உச்சவரம்பை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, துணைவரிடமும் காட்டிவிட்டுப் போங்கள். யார்டில் குழந்தைகள் அடுக்குக் கட்டிலில் ஏறிக் குதிக்கும்போது உட்கார்ந்து கணக்குப் போட முடியாது.