சயனைடு எங்கே போய் உட்காருகிறது?

எனக்குப் பத்து வயசு இருக்கும். நாமக்கல் பக்கம் அப்புச்சி தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கிக் கொண்டிருந்தார்கள். ஒதுக்கிப் போட்ட தழையை மூன்று ஆடுகள் போய்த் தின்றுவிட்டன. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கி, வாயைத் திறந்தபடி விழுந்தன. மாட்டு டாக்டர் வருவதற்குள் இரண்டு செத்துப் போச்சு. மூன்றாவதுக்குக் கழுத்து நரம்பில் இரண்டு ஊசி போட்டார். அது எழுந்துகொண்டது.

செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தபோது ரத்தம் செக்கச்செவேல் என்று இருந்தது. "ஏனுங்க டாக்டர், மூச்சு முட்டிச் செத்தா ரத்தம் கறுத்துல்லங்க போகோணும்?" என்று அப்புச்சி கேட்டார். "ஆக்சிஜன் ரத்தத்துல இருக்குதுங்க ஐயா, உடம்பால எடுத்துக்க முடியல" என்றார் டாக்டர்.

நான் படித்தது பிஇ, பார்ப்பது மென்பொருள் வேலை. அந்தப் பதில் முழுசாகப் புரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

மரவள்ளிச் செடியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில்தான், ஆனால் வேறு அறையில் இருக்கிறது. மென்றால் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். நம் வீடுகளில் கிழங்கை வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவதும் இதனால்தான். லினமாரின் தண்ணீரில் கரையும்.

சரி, சயனைடு உள்ளே போய் என்ன செய்கிறது? மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் சுவாசச் சங்கிலி இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் அதில் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறும். அப்படிக் கைமாறும்போது வரும் ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படும். அவை திரும்பி வரும் வேகத்தில்தான் ஏடிபி உருவாகிறது. சங்கிலியின் கடைசி நொதி சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ். நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி தண்ணீராக மாறுவது இங்கேதான்.

அதன் நடுவில் ஒரு சின்னக் குழி. ஒரு பக்கம் ஹீம் இரும்பு, எதிரே ஒரு தாமிர அணு, இடையில் சுமார் அரை நானோமீட்டர். ஆக்சிஜன் வந்து உட்காரும் இருக்கை இது. சயனைடும் அங்கேதான் வந்து, தன் கார்பன் முனையால் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. நொதி உடையவில்லை, உருக்குலையவில்லை. இருக்கை நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். எலக்ட்ரானை வாங்க ஆளில்லாததால் சங்கிலி முழுக்கத் தேங்குகிறது. ஏடிபி நின்றுபோகிறது. ஒரு நூல் லாக்கைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் பின்னால் வரிசை கட்டி எல்லாம் நிற்குமே, அதே கதை. செலவாகாத ஆக்சிஜன் ரத்தத்திலேயே சுற்றி வருகிறது. அந்தச் சிவப்பு அதுதான்.

இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, சயனைடு விரும்பிப் பிடிப்பது ஃபெரிக் இரும்பை, அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருப்பது இரண்டு இழந்த ஃபெரஸ் இரும்பு, அதை அவ்வளவாகச் சீண்டாது. இரண்டு, இந்தப் பிடி நிரந்தரமில்லை. விட்டு விட்டுத்தான் பிடிக்கும். வெளியே அதைவிட நல்ல இடம் கிடைத்தால் இறங்கி வந்துவிடும்.

டாக்டர் போட்ட முதல் ஊசி சோடியம் நைட்ரைட். அது ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கெடுத்து ஃபெரிக் ஆக்குகிறது. அந்தப் பகுதியால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, ஆனால் சயனைடுக்கு நல்ல தூண்டில். இரண்டாவது ஊசி சோடியம் தயோசல்பேட். அது கந்தகம் கொடுக்க, ரோடனேஸ் என்ற நொதி சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும். அது சிறுநீரில் போய்விடும்.

மனிதர்களுக்கு இந்த வைத்தியத்தில் ஒரு சிக்கல். தீ விபத்தில் ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் சயனைடோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அது ஏற்கெனவே ஹீமோகுளோபினை அடைத்து வைத்திருக்கும். மிச்சத்தையும் நைட்ரைட்டால் கெடுத்தால் ஆள் தாங்குவாரா? அதனால் அங்கே ஹைட்ராக்சோகோபாலமின் கொடுக்கிறார்கள். இதில் தூண்டில் கோபால்ட் அணு. ரத்தத்தைக் கெடுக்காமல் சயனைடைப் பிடித்து சயனோகோபாலமின் ஆகிறது. வைட்டமின் பி12 மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இதே பொருள்தான்! பெரியவர்களுக்கு முதல் டோஸ் 5 கிராம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 2.4 மைக்ரோகிராம்தான், அதாவது சுமார் 20 லட்சம் மடங்கு.

விஷம் எந்த அணுவில் உட்காருகிறது என்று தெரிந்தால் அதை எழுப்பும் வழியும் புரிகிறது. மூன்றாவது ஆடு அடுத்த வருஷம் இரண்டு குட்டி போட்டது. அப்புச்சி அதற்கப்புறம் மரவள்ளி பிடுங்கும் நாளில் ஆடுகளைப் பட்டியை விட்டு வெளியே விட்டதே இல்லை.