தீவகத்துப் பனம்பொருளும் பிறநாட்டுச் சந்தையும்

புங்குடுதீவின் இறுப்பிட்டியிலே ஆவணியிற் பனம்பழம் பொறுக்கும் கைகளே அதன் விதையைப் பாத்தியிலிட்டுத் தை, மாசியிற் கிழங்கு கிளறுவன. அக்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பழக்களியைப் பாயிலே படைபடையாகப் பரப்பிக் காயவைத்தாற் பனாட்டு. ஓலை கடகமும் குட்டானும் பாயுமாகின்றது. பனை என்றவுடன் கள்ளை நினைந்து நகைப்பாரும் எம்மிடையே உளர். அவர்தாமும் ஒடியற் கூழை வேண்டாமென்று சொன்னதை நாம் கண்டதில்லை.

இத்துணைப் பொருள் வளவுதோறும் விளைந்தும், கப்பலேறுவது சிறிதளவேயாவதேன்? செய்வோர்க்குத் திறமை போதாதென்பது சிலர் கூற்று. நாம் அதனை ஒப்புக்கொள்ளோம். குறை, வளவுக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட வழியிலேயே உளது.

யாழ்ப்பாணத்தார் ஏற்றுமதிக்குப் புதியவரல்லர். எங்கள் கடற்சங்கு வங்காளத்து வளையலாயிற்று. பனைமரம் தென்னிந்தியக் கரைக்குச் சென்றது. வாயிலிட்டு மெல்லும் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. தரகரிடம் தனித்தனியே விலைபேசி நட்டமடைந்த புகையிலைச் செய்கையாளர், 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கமாக ஒன்றுகூடினர். சிறியோர் பலர் சேர்ந்து பெருவணிகராய்ப் பிறநாட்டில் விற்றதற்கு எம்மூரிலேயே கிடைக்கும் சான்று இது. ஆயினும் அச்சரக்குக்குச் சந்தை ஒன்றே. இந்தியாவின் தீர்வையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகவே, அவ்வணிகம் படுத்துவிட்டது.

பனந்தும்பின் கதை வேறு. பிரித்தானியர் காலத்திலே தூரிகை செய்வதற்காக ஐரோப்பாவுக்கு அது மூட்டை மூட்டையாய்ச் சென்றது. தூரிகையை வாங்கியவர்க்கு அது எவ்வூர்த் தும்பென்பது தெரியாது. பெயரில்லாத சரக்குக்கு விலைவைப்பவர் வாங்குபவரே. மாறாக, இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்திலே புவிசார் குறியீடு பெற்றது. அக்கரையில் உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023இல் இந்தியாவிலே அக்குறியீடு கிடைத்தது. இனி வேறிடத்துச் சரக்கை அப்பெயரால் விற்றல் சட்டப்படி தடுக்கப்படும். எங்கள் பனங்கட்டியும் சுவையிற் குறைந்ததன்று.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1978இற் பனை அபிவிருத்திச் சபையும், மறு ஆண்டில் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் தோன்றின. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பின்னர்ப் போர் வந்தது. 1991இலே தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர, பாத்தி வெட்ட ஆளில்லாத வளவுகளாயின. மீண்டவர் சிலர், கடல் கடந்தவர் பலர்.

இனி அவ்விடைவழியைச் சற்றே நோக்குவோம். ஒரு வீட்டில் ஒடியல் தடித்திருக்கும்; அடுத்த வீட்டில் மெலிந்திருக்கும். ஒருவர் பாயில் உலர்த்துவார். ஒருவர் மணலில் உலர்த்துவார். வீட்டுக் கூழுக்கு இவ்வேற்றுமை பொருட்டன்று. பிறநாட்டு வணிகரோ முதற் பையும் நூறாம் பையும் நிறத்தாலும் எடையாலும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பர். ஈரம் சிறிது மிகுந்தாலும் கப்பலின் புழுக்கத்திலே பூஞ்சணம் பிடித்துவிடும். பின்னர்ச் சீட்டு வேலை. கனடாவில் விற்கும் உணவுப் பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருத்தல் வேண்டும். அமெரிக்காவுக்கு உணவு அனுப்புவதாயின், அதனைச் செய்து பொதியும் நிலையத்தை அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகத்திற் பதிதல் வேண்டும். கடகம் முடையும் பெண்ணொருத்தி இவற்றையெல்லாம் தனித்து நின்று செய்வதெங்ஙனம்? பலர் சரக்கையும் ஓரிடத்திற் சேர்த்து, ஈரம் அளந்து, தரம் பிரித்து, ஒரே பெயரிற் பொதியும் நிலையமொன்று ஊர்க் கூட்டுறவின் கையில் இருந்தாற் செலவு பலர்மேற் பகிரப்படும்.

யாவற்றினும் கடியது பணம் வரும் காலம். கிழங்கு பிளந்தவர்க்கு அன்றே கூலி வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் வரப் பல வாரங்களாகும். இவ்விடைக்காலத்தைத் தாங்கும் முதல் இல்லாமையாலன்றோ அவர் வந்த விலைக்குத் தரகரிடம் கொடுத்துவிடுகின்றார்?

இங்கேதான் கடல் கடந்த பழைய மாணவரை நாம் நினைக்கின்றோம். அவர்கள் நன்கொடை அனுப்பத் தவறியவரல்லர். ஆயினும் ஊர்ப்பற்றால் ஒருமுறை வாங்கும் ஆயிரம் பொதியினும், ஆண்டுதோறும் குறித்த மாதத்திற் குறித்த அளவுக்கு எழுதித் தந்து, பாதி விலையை முன்னரே செலுத்தும் கட்டளையொன்று பெரிதும் உதவும். அங்குப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒடியற் கூழ் பழக்கமில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆகவே அயலாரும் விரும்பும் பனங்கட்டியும் கடகமும் முன்னே செல்லுக. முதலாண்டில் இரு நாடுகளிலாயினும் வாங்குவோரைத் தேடிக்கொள்ளல் வேண்டும். ஒடியல் மாவோ, ஈரமும் பூஞ்சணமும் ஆய்ந்து முடித்தபின் அடுத்த மாசிக் கிழங்கோடு கப்பலேறலாம்.