அடிவயிற்று வலி: கர்ப்பப்பையை எடுக்கும் முன் தசையைப் பாருங்கள்

மாதக்கணக்கில் அடிவயிறு வலிக்கிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று, யூரின் டெஸ்ட் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். "ஒன்றும் இல்லை, டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால், "குழந்தைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்கிறார்கள். ஆண்களுக்கு என்றால் புராஸ்டேட்டில் கிருமி என்று ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ், அது முடிந்ததும் இன்னொன்று. இவ்வளவுக்கும் நடுவில் யாரும் தொட்டுப் பார்க்காமல் விடுவது தசையை. இறுகிப்போன தசை வழக்கமான ஸ்கேனில் தெரியாது. விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இடுப்பு மூட்டை அசைக்கும் தசைகளில் ஒன்று ஆப்டுரேட்டர் இன்டர்னஸ். தொடையை வெளிப்பக்கம் திருப்புவது அதன் வேலை. ஆனால் அது படிந்திருப்பது இடுப்புக் கூட்டின் உள்சுவரில். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளில் ஒரு பகுதி, இந்தத் தசையின் மேலுறையிலிருந்துதான் புறப்படுகிறது. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் உணர்ச்சி தரும் பியூடெண்டல் நரம்பும் அதே உறைக்குள் புகுந்துதான் போகிறது. அதனால் இங்கே இறுக்கம் வந்தால் வலி இடுப்போடு நிற்பதில்லை. சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்தும் மறுபடி போக வேண்டும் என்ற உணர்வு, தாம்பத்திய உறவில் வலி, மலம் கழிக்கச் சிரமம், உட்கார்ந்தால் வால் எலும்புப் பக்கம் குத்தல் என எல்லாமே வேறு ஏதோ உறுப்பின் நோய்போலத் தெரியும்.

முன்பக்கத்தில் இருப்பது சோவாஸ். கீழ்முதுகில் தொடங்கித் தொடை எலும்பின் உட்புறத்தில் முடிகிற நீளமான தசை. உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க இது சுருங்கியே கிடக்கும். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் காலை முதல் இரவு வரை தைக்கும் டெய்லர், ஆட்டோ ஓட்டுபவர், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் எல்லோருக்கும் இதே கதைதான். எழுந்து போனால் பீஸ் கணக்கு குறையுமே என்று சிறுநீரை அடக்கும் பெண்களுக்கு இடுப்புத்தளமும் சேர்ந்து இறுகுகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கட்டிலின் விளிம்பில் பிட்டம் இருக்கும்படி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மற்றக் காலைத் தளர விடுங்கள். அந்தத் தொடை கட்டில் மட்டத்துக்கு இறங்காமல் தூக்கியே நின்றால், முன்தசை இறுகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்ட்கள் தாமஸ் சோதனை என்பது இதைத்தான். இது ஒரு அறிகுறி மட்டுமே, நோய் முடிவு அல்ல. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) போன்ற நோயும் தசை இறுக்கமும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பது உண்டு. நோயின் வலியே தசையை இறுக்கிவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, சிறுநீரில் ரத்தம், வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போய் திடீரென ஒருபக்கம் கடுமையாக வலித்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போய் சிறுநீர் வராமல் நின்றாலோ, அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு.

தசைதான் காரணம் என்று தெரிந்தால், சிகிச்சை தளர்த்துவதில் தொடங்க வேண்டும். வயிறு மெல்ல உப்பும்படி மூச்சிழுப்பது, முன்தொடையையும் பிட்டத்தையும் நிதானமாக நீட்டும் பயிற்சிகள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பது. பலரும் கேட்டவுடன் சொல்லித்தரும் கெகல் பயிற்சி தசையை இறுக்கும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது வலியைக் கூட்டிவிடக்கூடும். இடுப்புத்தளத்தில் தனிப்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்கள் நம்மூரில் குறைவுதான். ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு இருக்கிறது. "தசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று மகப்பேறு மருத்துவரிடமோ சிறுநீரக மருத்துவரிடமோ வாய்விட்டுக் கேளுங்கள்.

இடுப்புத்தளத் தசையை முழுமையாகச் சோதிக்க யோனி வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ விரல் வைத்துப் பார்க்க வேண்டிவரலாம். எதற்காக என்று முதலில் விளக்க வேண்டும். உங்கள் சம்மதம் வேண்டும். பாதியில் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். பெண் நோயாளியை ஆண் மருத்துவர் சோதித்தால் பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கிறது நோயாளிகள் உரிமைச் சாசனம். வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதையும் அது உரிமை என்றே சொல்கிறது.

டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு மட்டும் கையெழுத்திட்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த பெண்ணின் உடலுக்கு அவர் மட்டுமே சம்மதம் தர முடியும். கணவரோ மாமியாரோ அல்ல. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் 3 மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

  

சம்மதமில்லாமல் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முதலில் மருத்துவமனையிடம் உங்கள் சிகிச்சைப் பதிவுகளை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலையும் மறக்காமல் சேர்த்துக் கேளுங்கள்.