கோபி தோட்டங்களுக்கு வரும் வேளாண் கல்லூரி மாணவர்கள்... 'ராவே' திட்டம் என்றால் என்ன? விவசாயிக்கு என்ன லாபம்?

தென்னை ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள். கீழ் ஓலைகளின் மேல் கரி பூசியது போல் கறுப்பு. மருந்தடித்தே ஆகணும் என்று தோட்டக்காரர் முடிவு செய்யும் நேரத்தில், "மருந்து மட்டும் வேண்டாங்க ஐயா" என்று வந்து நிற்கிறார்கள் கல்லூரி மாணவிகள். கோபிசெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரி காட்சியைப் பார்க்கலாம். யார் இவர்கள்? இவர்கள் சொல்வதைக் கேட்கலாமா?

'ராவே' என்றால் என்ன?

ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் 'ராவே'. பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருடப் படிப்பு. அதன் கடைசி வருடத்தில் மாணவர்கள் குழுவாகக் கிராமத்துக்குப் போய்த் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். இதற்கு மதிப்பெண் உண்டு, முடிக்காமல் பட்டம் கிடையாது.

2015-ல் மத்திய அரசு அறிவித்த 'ஸ்டூடன்ட் ரெடி' திட்டத்தின் ஒரு பகுதியாக இது வருகிறது. அதையொட்டி வந்த தேசியப் பாடத்திட்டத்தில் 'ராவே'வுக்கு மொத்தம் 20 வாரம். அதில் கிராமத்தில் மட்டும் 8 வாரம்.

கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இதை நடத்துகின்றன. கோபி பக்கத்தில் டி.என்.பாளையத்தில் ஜே.கே.கே.முனிராஜா வேளாண் அறிவியல் கல்லூரி, பவானி வட்டத்தில் குமரகுரு வேளாண்மை நிறுவனம் ஆகியவை உள்ளன.

கோபி ஏன் பொருத்தமான இடம்?

கொடிவேரி அணையில் இருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. நெல், கரும்பு, வாழை, மஞ்சள், தென்னை, மல்பெரி என எல்லாமே இங்கே உண்டு. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் தூரத்தில் இல்லை, பவானிசாகரில்தான் இருக்கிறது. பி.எஸ்.ஆர்.1, பி.எஸ்.ஆர்.2 மஞ்சள் ரகங்கள் அங்கே பிறந்தவை. பெயரில் இருக்கும் பி.எஸ்.ஆர். பவானிசாகரைத்தான் குறிக்கிறது.

மாணவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, ஊரைத் தெரிந்துகொள்வது. கோயில் முன்போ பள்ளி மைதானத்திலோ கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுவார்கள். கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே, எந்த மாதம் எந்தப் பூச்சி வரும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். அதாவது முதல் பாடம் எடுப்பது விவசாயி.

அடுத்துதான் செயல்விளக்கம். மூன்று உதாரணங்கள்:

1. இலை வண்ண அட்டை: நெல்லுக்கு யூரியா எப்போது போடணும் என்பதைச் சொல்லும் பச்சை நிற அட்டை இது. நட்ட 14-ம் நாளில் இருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 பயிர்களின் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலையில் வெயில் நேராகப் படக்கூடாது. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவு. 10-ல் 6 இலை அதற்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போடணும். பக்கத்து வயலில் போட்டுட்டாங்க என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

2. தென்னை டானிக்: குரும்பை உதிர்வதைக் குறைக்கப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. 40 மில்லி டானிக்கை 160 மில்லி தண்ணீரில் கலந்து பையில் ஊற்றி, பென்சில் கனமுள்ள உயிருள்ள வேரைச் சாய்வாக வெட்டி, பைக்குள் விட்டுக் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சரியான வேரைத் தேடி எடுப்பதுதான் இதில் கஷ்டம். 24 மணி நேரத்தில் மரம் உறிஞ்சவில்லை என்றால் வேறு வேர் பார்க்கணும். இதை நோட்டீஸில் படித்துச் செய்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் செய்து காட்டினால் சட்டென்று பிடிபடும்.

3. சுருள் வெள்ளை ஈ: 2016-ல் பொள்ளாச்சி பகுதியில் தென்பட்ட பூச்சி இது. ஆனால் 'என்கார்சியா' என்ற குட்டிக் குளவி இதைத் தேடிப்பிடித்து அழிக்கும். பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. அதனால்தான் "மருந்து வேண்டாம்" என்கிறார்கள். பதிலுக்கு, ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை ஏக்கருக்கு 8 வீதம் கட்டச் சொல்கிறார்கள்.

இந்தப் பக்கத்து மல்பெரி விவசாயிகளுக்கு இது புரியாத கணக்கில்லை. பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் மரவள்ளியையும் சுருட்டியபோது, 2010-ல் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

எங்கே இடிக்கிறது?

கணக்குப் போட்டாலே தெரியும். கிராமத்தில் தங்குவது 8 வாரம். பொன்னி நெல் அறுவடைக்கு வர நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். தென்னையில் பலன் தெரிய அதைவிடவும் அதிகம். அட்டையைக் கையில் கொடுத்த மாணவர், மகசூல் கூடியதா குறைந்ததா என்று பார்க்க அங்கே இருக்க மாட்டார். விவசாயிக்கு இடையில் சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் இல்லை. பேனர் கட்டி, போட்டோ எடுத்துக் கிளம்பிவிட்டால் அது செய்தி ஆகலாம், தீர்வு ஆகாது.

தோற்றுப்போன விவசாயிக்கு அது ஒரு போகத்து வருமானம். ஆகவே புது முறையை முழுத் தோட்டத்திலும் ஒரேயடியாகச் செய்யத் தேவையில்லை. நாலு மரத்திலோ ஒரு வயலிலோ செய்து, மீதியைப் பழையபடி விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சி நிலையத்திலும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்.

மாணவர்கள் போன பிறகு யாரைக் கேட்பது?

கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விவசாயிகளுக்கான இலவச அழைப்பு எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். இருந்தாலும், மாணவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். அவர்கள் சொன்ன மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கி, வழிகாட்டிப் பேராசிரியரின் தொடர்பு விவரத்தையும் கேட்டு வையுங்கள். அறுவடை முடிந்ததும் என்ன கிடைத்தது என்று நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். நல்லா வந்தாலும் சொல்லுங்க, வரலைன்னாலும் சொல்லுங்க. அடுத்த வருடம் வரும் மாணவர்களுக்கு அதுதான் பாடம்.