உன் வீடு எங்கே? – மனைவிக்குக் குடியேற்ற விசா, கோயமுத்தூரிலிருந்து

"ஏனுங்க, நானும் அங்க பதினஞ்சு வருசம் குடும்பம் நடத்துனவதானுங்களே. மறுபடியும் மொதல்ல இருந்தா?"

2024 மே மாதம் ஐ-130 படிவத்தை மடிக்கணினியில் திறந்து வைத்தபோது மனைவி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். 2004-ல் எங்களுக்குக் கல்யாணம். 2012-ல் இருவருக்கும் பச்சை அட்டை வந்தது. 2018-ல் நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். அவள் வாங்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டை விட மனசில்லை, அவள் அப்பா கொடுத்த தோட்டமும் ஒரு காரணம். 2019-ல் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, குடும்பத்தோடு ஊருக்கு வந்தோம். கிளம்பும் முன் அவளுக்கு இரண்டு வருசத்துக்கு மறுநுழைவு அனுமதி விண்ணப்பித்துவிட்டுத்தான் வந்தேன். நடுவில் கொரோனா. அப்பா 2023 வரை இருந்தார். அனுமதி அதற்கு வெகு முன்பே காலாவதி.

பச்சை அட்டை என்பது அங்கே குடியிருப்பதற்கான உரிமை. குடியிருக்காவிட்டால் அது கரைந்து போகும். மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஒரு வருசத்துக்கு மேல் வெளியே இருந்தால் அட்டையைக் காட்டி விமானம் ஏற முடியாது. திரும்பி வரும் குடியிருப்பாளருக்கென்று எஸ்பி-1 என்று ஒரு விசா இருக்கிறது. ஆனால் நம் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால்தான் தங்க நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டும். கொரோனா ஆண்டுகளுக்கு அது பொருந்தும். மாமனாரைப் பார்த்துக்கொள்ள 2023 வரை தங்கியது? தங்கியே ஆகவேண்டும் என்பது நமக்குத் தெரிகிறது. படிவத்தின் மொழியில் அது விரும்பிச் செய்தது. யோசித்துப் பார்த்து, ஐ-407 எழுதிக் கொடுத்து பழைய அட்டையைத் துறந்துவிட்டு, கணவன் மனுவில் புதிதாகத் தொடங்கினோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பி.இ. படித்த மென்பொருள்காரன், வழக்கறிஞன் அல்ல. ஆறு மாதம் படிவக் குறிப்புகளையும் சட்டத்தையும் வாசித்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பாதை நேரானது. குடிமகன் ஐ-130 மனுவைக் குடிவரவுத் துறையில் போட வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இணையத்தில் போட்டால் 625 டாலர், காகிதத்தில் 675. 'இந்தப் பெண் உண்மையிலேயே இவர் மனைவி' என்று அவர்கள் ஒப்புக்கொண்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325, ஆதரவுப் பத்திரச் சரிபார்ப்புக்கு 120. மனைவி டிஎஸ்-260 நிரப்புவாள், நான் ஐ-864 நிரப்புவேன், சான்றுகளை ஏற்ற வேண்டும். எல்லாம் சரியானால் மருத்துவப் பரிசோதனை, பிறகு நேர்காணல். எங்களுக்கு மும்பை. குடிமகனின் மனைவி 'உடனடி உறவு' என்பதால் வருசாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது, வரிசை கிடையாது. பச்சை அட்டைக்காரரின் மனைவிக்கு வரம்பு உண்டு. அது எஃப்2ஏ பிரிவு, சில காலம் வேகமாக நகரும், சில காலம் வருசக்கணக்கில் நிற்கும். வரிசை இல்லை என்றால் தாமதம் இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் மனு ஒப்புதலாகப் பதின்மூன்று மாதம் பிடித்தது.

கல்யாணமாகி எத்தனை நாள் என்பதும் கணக்கு. அமெரிக்காவில் கால் வைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருசம் முடிந்திருந்தால் ஐஆர்-1, பத்து வருச அட்டை. முடியாவிட்டால் சிஆர்-1, இரண்டு வருச நிபந்தனை அட்டை. அது தீரும் முன் கடைசி 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். விசா ஒட்டிய தேதி இதில் கணக்கில்லை, நுழையும் தேதிதான். இரண்டாம் ஆண்டு நிறைவுக்குப் பத்து நாள் முன்னால் டிக்கெட் போட்டிருப்பவர்கள் அதைத் தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது.

கல்யாணம் செல்லுமா என்பதற்கு அமெரிக்கச் சட்டம் பார்ப்பது, அது நடந்த இடத்தில் செல்லுமா என்பதைத்தான். எங்களுடையது மருதமலையில் நடந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்து திருமணச் சட்டப்படி பதிவானது. பிரச்சினை இல்லை. ஐயர், ஹோமம் எதுவும் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்த நண்பர் ஒருவர் "எங்களுடையதை ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார். தாராளமாக. 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் 'உன்னைத் துணையாக ஏற்கிறேன்' என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும், தமிழ்நாட்டில் அது முழுக் கல்யாணம். இங்கே செல்லும், ஆகவே அங்கேயும் செல்லும். பதிவுச் சான்று மட்டும் கையில் இருக்க வேண்டும். 2009-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்துக்குப் பின் எல்லா மதத்தாருக்கும் பதிவு கட்டாயம்.

எங்களை அலைக்கழித்தது பிறப்புச் சான்று. 1981-ல் பிறந்தவளின் சான்றில் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாம் உண்டு. அவள் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெண் குழந்தை, அவ்வளவே. பெயர் வைக்கும் முன் பதிந்தார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. பள்ளிச் சான்றில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பழைய பச்சை அட்டையில் என் பெயர் குடும்பப் பெயராக. ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். முன்னெழுத்து என்கிற நம் வழக்கத்துக்கு அவர்கள் படிவத்தில் பெட்டி கிடையாது. டிஎஸ்-260-ல் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். மறைத்ததாகத் தோன்றுவதைவிட அதிகம் சொல்வது மேல். சான்றில் பெயர் சேர்க்க அலைந்தது தனிக் கதை. தமிழில் உள்ள பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், ஆனால் இரண்டு மொழியும் தெரிந்த யாரும் செய்யலாம். 'எனக்கு இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு சரி' என்று கையெழுத்திட்டால் போதும்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை, என் வழக்கமான வியாதி. மனைவியை அழைத்துவருவது குடிமகனின் உரிமையா, அரசின் சலுகையா? 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றது. முந்தைய ஆண்டுதான் கேபிள் சட்டம் வந்திருந்தது. அதன்படி குடியுரிமைக்குத் தகுதியற்றவனை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையும் இழப்பாள். வங்கத்து விடுதலை இயக்கத்தவர் தாரக்நாத் தாஸின் மனைவி மேரி இப்படித்தான் பிறந்த நாட்டில் குடியுரிமை இல்லாதவர் ஆனார். 1925-ல் சாங் சான் வழக்கில், குடிமக்களின் சீன மனைவியரை 1924 சட்டப்படி உள்ளே விட முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1946-ல் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமையைத் திறந்தது, வருசத்துக்கு 100 பேர் என்ற கோட்டாவோடு. இதெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தேன். 2024 ஜூனில், எங்கள் மனு போட்ட மறு மாதம், முன்யோஸ் வழக்கில் 6–3 என்று தீர்ப்பு வந்தது: வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமகனுக்கு இல்லை. ஆக, சலுகைதான். படிவத்தில் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை படித்து நிரப்பியது அதற்குப் பிறகுதான்.

அப்படிப் படித்தும் சறுக்கினேன். ஐ-864-ல்.

இது 1996-ல் கிளின்டன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தின் பிள்ளை. வருகிறவர் அரசு உதவியை நம்பி வாழமாட்டார், நான் தாங்குவேன் என்று குடிமகன் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி நால்வர் குடும்பத்துக்கு 40,187 டாலர். எனக்கு இங்கே நல்ல சம்பளம்தான். ஆனால் நாடு மாறிய பின்னும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானம்தான் கணக்கு. கோயமுத்தூர் சம்பளம் கோயமுத்தூரோடு சரி. சொத்தைக் காட்டலாம். குடிமகனின் மனைவிக்கு என்றால் குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு, அதாவது வருமானம் சுழியம் என்றால் 1,20,561 டாலர் மதிப்பு. ஒரு வருசத்துக்குள் பணமாக்கி நாட்டைவிட்டு எடுத்துவர முடிகிற சொத்தாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டு ஆதரவாளர் ஒருவரைச் சேர்க்கலாம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சினன் "மாமா, நான் கையெழுத்துப் போடறேன், விடுங்க" என்றான். அவன் கையெழுத்து வந்தது, ஏற்றினோம். 'டொமிசைல்' கேட்ட இடத்தில் அமெரிக்கா என்று எழுதினேன். கடவுச்சீட்டு அந்த நாடுதானே என்ற நினைப்பு. ஒரு மாதத்தில் கேள்வி வந்தது: உன் முகவரி இந்தியா, வேலை இந்தியா, அமெரிக்கா உன் டொமிசைல் என்பதற்கு ஆதாரம் எங்கே?

குடியுரிமை வேறு, டொமிசைல் வேறு. எங்கே முதன்மையாக வாழ்கிறாயோ, தொடர்ந்து வாழ நினைக்கிறாயோ, அதுதான் டொமிசைல். நினைப்பும் இருப்பும் சேர்ந்தது. மனு போட்டவருக்கு அங்கே டொமிசைல் இல்லாவிட்டால் எத்தனை கூட்டு ஆதரவாளர் வந்தாலும் பயனில்லை. பணக் குறையை மச்சினன் நிரப்பலாம், என் வீட்டை அவன் நிரப்ப முடியாது. நான் அங்கே போய்க் குடியேறிக் காட்ட வேண்டும். குறைந்தபட்சம், மனைவி நுழையும் நாளிலோ அதற்கு முன்போ நானும் அங்கே வசிப்பவனாகிவிடுவேன் என்பதை, இப்போதே எடுத்துவைத்த அடிகளைக் கொண்டு நம்பவைக்க வேண்டும்.

வரிக் கணக்கில் இன்னொரு சிக்கலும் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் வாழும் குடிமகனும் அமெரிக்காவுக்கு வருசா வருசம் கணக்குக் காட்ட வேண்டும், தவறாமல் காட்டியிருந்தேன். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்குப் பெறும் 2555 படிவத்தில், 'நான் இந்தியாவில் உண்மையாகவே வசிப்பவன்' என்ற சோதனையைத் தேர்ந்திருந்தேன். ஒரு துறைக்கு இந்தியாவில் வசிக்கிறேன் என்றும், இன்னொரு துறைக்கு அமெரிக்காதான் வீடு என்றும் எழுதியிருக்கிறேனே என்று இரவு தூக்கம் வரவில்லை. தேடியதில் வரித் துறையின் 54-ம் வெளியீட்டிலேயே பதில் இருந்தது: உண்மையான வசிப்பிடமும் டொமிசைலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இதே வழியில் வருகிறவர்கள் பன்னிரண்டு மாதத்தில் 330 நாள் வெளியே இருந்தேன் என்ற மற்றச் சோதனை பொருந்துமா என்று முதலில் பாருங்கள். அது நாள் கணக்கு மட்டுமே, வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு ஆதாரம் சேர்த்தோம். மூடாமல் விட்டிருந்த வங்கிக் கணக்கின் தாள்கள். 2020-லும் 2024-லும் தபாலில் வாக்களித்த பதிவு. மகளின் கல்லூரி அனுமதிக் கடிதம், மகனுக்குப் பள்ளி விசாரித்த மின்னஞ்சல்கள். பழைய நிறுவனத்தில் ஒரு நண்பர் மூலம் கிடைத்த வேலைக் கடிதம், டிசம்பரில் சேர வேண்டும். இனி அந்த வருமானமே 40,187-ஐத் தாண்டிவிடும் என்றாலும் மச்சினன் பத்திரத்தை அப்படியே விட்டுவைத்தேன். கடைசியாக ஒரு வாடகை ஒப்பந்தம், மூன்று பேர் தங்கும் அளவில்.

அதை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தபோது அம்மா கையில் எடுத்துப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, முகவரியில் இந்தியா இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்கும். "அப்ப இந்த ஊடு என்னடா கண்ணு?" என்றார். தற்காலிகம் என்றுதான் அதற்கு முந்தைய பக்கத்தில் எழுதியிருந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆறு வருசமும் தற்காலிகம். பொய் இல்லை, ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம் திரும்புவோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வரவில்லை.

ஒப்பந்தத்தின் ஆயுளையும் சொல்லிவிட வேண்டும், மச்சினனுக்கு இதை விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். வந்தவர் குடியுரிமை பெற்றால், 40 காலாண்டு வேலைக் கணக்குச் சேர்ந்தால், குடியிருப்பை விட்டு நாட்டை விட்டே போய்விட்டால், அல்லது இறந்தால் பொறுப்பு முடியும். விவாகரத்தால் முடியாது. கணவன் மனைவி பிரிந்த பிறகும் மச்சினன் பொறுப்பாளி! "அக்காவுக்குத்தானுங்க மாமா போடறேன், உங்களுக்கில்ல" என்று சிரித்தான்.

மீதி எல்லாம் சில்லறை. காவல் சான்று கடவுச்சீட்டு அலுவலகம் வழியாக, சில நாளில் வந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த காலத்துக்கு அமெரிக்கக் காவல் சான்று கேட்பதில்லை. மருத்துவம் அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்: மார்பு எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசி. விசாவின் ஆயுள் பொதுவாக அதிகபட்சம் ஆறு மாதம், மருத்துவத் தேதியை ஒட்டி இன்னும் குறையலாம் என்பதால், எப்போது கிளம்ப முடியும் என்று தெரியாமல் அவசரப்பட்டு மருத்துவம் பார்க்க வேண்டாம். விசா கிடைத்ததும் அட்டைக்கு 235 டாலர். நுழைவு முத்திரை விழுந்த விசாவே ஒரு வருசத்துக்குப் பச்சை அட்டையாகச் செல்லும். குடிமகனோடு சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருசத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்தை வைத்துக்கொண்டு இந்த முறையாவது எடுப்பாளா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

கோப்பு முழுமை என்று அக்டோபரில் மின்னஞ்சல் வந்தது. நேர்காணல் ஜனவரியில். நான் டிசம்பர் முதல் வாரம் கிளம்புகிறேன். மகள் ஏற்கனவே அங்கே விடுதியில். மனைவியும் மகனும், விசா கிடைத்தாலும், மகனின் பள்ளி ஆண்டு முடிந்துதான். வாடகை வீட்டில் அதுவரை நான் மட்டும். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை, திருப்பூரிலிருந்து தங்கை ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறாள்.