ஐந்து எங்கே போனது?

அ என்ற மாறியில் 5, இ என்ற மாறியில் 9. இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பலர் முதலில் எழுதுவது இதைத்தான்: அ = இ, அடுத்த வரியில் இ = அ. ஓட்டிப் பார்த்தால் இரண்டிலும் 9. ஐந்தைக் காணோம்.

வகுப்பில் இதை விளக்க இரண்டு டம்ளர்களைச் சொல்வார்கள். ஒன்றில் பால், மற்றதில் மோர். மாற்றிக்கொள்ள மூன்றாவதாக ஒரு காலி டம்ளர் வேண்டும். தீர்வு புரிந்துவிடும், ஆனால் பிழை ஏன் வந்தது என்பது புரியாது. ஊற்றினால் டம்ளர் காலியாகும், மாறி காலியாவதில்லை. அ = இ என்பது கணக்குப் பாடத்துச் சமன்பாடும் அல்ல. இ-யில் உள்ளதைப் படித்து அ-வில் ஒரு நகல் எழுது என்கிற கட்டளை அது. இ-யின் 9 அப்படியே இருக்கும். அ-வில் இருந்த 5 அழிந்துபோகும். இரண்டாவது வரி அ-வைப் படிக்கும்போது அங்கே இருப்பதும் 9தான்.

எனவே அழிப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டும்: த = அ, அ = இ, இ = த.

வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் ‘மூன்றாவது மாறி இல்லாமல் செய்’ என்று கேட்பதுண்டு. அ = அ + இ என்றால் 14; இ = அ − இ என்றால் 5; மறுபடி அ = அ − இ என்றால் 9. புதிராக ரசிக்கலாம், நிரலில் எழுத வேண்டாம். சி மொழியில் குறியுடைய (signed) 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. இரண்டு மாறிகளிலும் 200 கோடி இருந்தால் கூட்டல் வழிந்துவிடும். அதன்பின் என்ன நடக்கும் என்பதற்கு அம்மொழியில் உத்தரவாதமே இல்லை. தசமப் புள்ளி எண்களில் வேறு சிக்கல். வழக்கமான 64 பிட் வடிவில், அ-வில் 1-க்குப் பின் 16 சுழியங்கள் கொண்ட எண்ணும் இ-யில் 1-உம் இருக்கட்டும். கூட்டும்போது அந்தச் சின்ன 1 துல்லியத்துக்குள் அடங்காமல் உதிர்ந்துவிடும்; கடைசியில் அ-வுக்குக் கிடைப்பது 1 அல்ல, 0. பிட்டுகளை வைத்துச் செய்யும் எக்ஸார் முறையில் வழிதல் கிடையாது. ஆனால் இரண்டு பெயர்களும் நினைவகத்தின் ஒரே இடத்தைக் குறித்தால் மதிப்பு சுழியமாகிவிடும். பட்டியலை வரிசைப்படுத்தும்போது ஓர் உறுப்பைத் தன்னோடே மாற்ற நேர்வது அபூர்வமல்ல. இத்தனைக்கும் மிச்சம் பிடித்தது என்ன? அந்தத் த-வைக் கம்பைலர் பெரும்பாலும் செயலியின் ரெஜிஸ்டரிலேயே முடித்துவிடும், நினைவகத்தைத் தொடக்கூடச் செய்யாது.

பைத்தானில் அ, இ = இ, அ என்று ஒரே வரி போதும். வலப்பக்கம் முழுவதையும் முதலில் படித்துவிட்டுத்தான் இடப்பக்கப் பெயர்களுக்கு அது மதிப்புகளைக் கொடுக்கிறது. எடுத்துவைக்கும் வேலை அங்கேயும் உண்டு. அதைப் பைத்தானே தன் அடுக்கில் செய்துகொள்கிறது.