மூடுபனியில் ஒரு படகுத்துறை

மாஹிமிலிருந்து பாந்திராவுக்கு மோட்டார் சைக்கிளில் செல்ல இன்று சில நிமிடங்களே ஆகின்றன. 1845-க்கு முன்பு இடையிலுள்ள கழிமுகத்தைப் படகில்தான் கடக்க வேண்டும்; மழைக்காலத்தில் படகுகள் கவிழ்வதுண்டு. லேடி ஆவாபாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் சுமார் 1,57,000 ரூபாய் அளித்ததால் மாஹிம் தரைப்பாலம் உருவானது. கடப்போரிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

மாஹிமில் மறைந்துபோன அந்தப் படகுப் பயணம் எப்படி இருந்திருக்கும் என அறியும் ஆவலில், டிசம்பர் விடியல் ஒன்றில் தனியாகப் புறப்பட்டேன். பாவ்ச்சா தக்கா துறையில் வண்டியோடு ரோ-ரோ கப்பலேறி மாண்ட்வாவில் இறங்கினேன். அலிபாக், முருட் ஊர்களைக் கடந்ததும் அகர்தண்டாவில் மீண்டும் படகு, மறுகரையில் திகி. ஸ்ரீவர்தனில் இரவு தங்கினேன்.

மறுநாள் காலை சாவித்திரி ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தபோது, பாக்மாண்ட்லா துறையை மூடுபனி சூழ்ந்திருந்தது. அக்கரை தெரியவில்லை, படகும் நகரவில்லை. எனக்கோ அவசரம் ஏதுமில்லை. அருகில் மீன் கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி மட்டும் அடிக்கடி எழுந்து ஆற்றைப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் அக்கரைக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய வருமானம் குறைந்துவிடும் என்றார்.

ஒன்றரை மணி நேரத்திற்குப் பின் பனி விலகியது. கூடையைப் படகில் ஏற்றக் கைகொடுத்தேன்.

மும்பை திரும்பியபின், மாஹிம் தரைப்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த மூதாட்டியின் முகமே நினைவுக்கு வருகிறது.